கூட்டத்தைப் பார்த்தவரும் கிதாரைக் கேட்டவரும்

1990 கோடையில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகர நீதிமன்றத்தில், ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். பிரிட்டனின் ஹெவி மெட்டல் குழுவான ஜூடாஸ் ப்ரீஸ்ட் பதிவு செய்த பாட்டு அது. 1978இல் வந்த ‘ஸ்டெய்ன்ட் கிளாஸ்’ இசைத்தட்டில் இருப்பது. 1985 டிசம்பரில் அந்த இசைத்தட்டைக் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள் தற்கொலைக்கு முயன்றார்கள். ஒருவர் அன்றே இறந்தார், மற்றவர் சில ஆண்டுகள் கழித்து. பாட்டுக்குள் ‘செய்துவிடு’ என்றொரு கட்டளையை ஒளித்துவைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூண்டியது அதுதான் என்று குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தன் பாட்டைப் பின்னோக்கி ஓடவிட்டு, அம்மாவிடம் நாற்காலி உடைந்துவிட்டது என்று சொல்வதுபோன்ற அசட்டு வாக்கியங்களைக்கூட அதில் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார். கடைசியில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். அப்படியொரு ஒலி காதில் விழுகிறது, ஆனால் பாடகர் மூச்சுவிடும் சத்தமும் கிதார் சத்தமும் தற்செயலாகச் சேர்ந்ததில் உண்டானது அது என்பது தீர்ப்பு.

ஒரு மூச்சையும் ஒரு கிதார் ஒலியையும் இவ்வளவு கவனமாகக் கேட்ட ஆட்கள் அந்தக் காலத்து அமெரிக்காவில் அதிகம் பேர் கிடையாது. ஹெவி மெட்டலைப் பற்றிப் பேசியவர்கள் ஏராளம்; கேட்டவர்கள்தான் குறைவு. 1985 செப்டம்பரில் செனட் குழு ஒன்று ராக் பாட்டு வரிகளைப் பற்றி விசாரிக்கவே கூடியது. செனட்டர் ஆல் கோரின் மனைவி டிப்பர் கோர் முதலானோர் தொடங்கிய பெற்றோர் அமைப்பு, பாட்டு வரிகளில் காமமும் வன்முறையும் சாத்தான் வழிபாடும் மலிந்துவிட்டதாகப் புகார் சொன்னது. ட்விஸ்டட் சிஸ்டர் குழுவின் டீ ஸ்னைடர் கலைந்த சுருட்டைத் தலையும் கையில்லாத ஜீன்ஸ் சட்டையுமாக வந்து உட்கார்ந்து, தன் பாட்டைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள் என்று வரிவரியாக விளக்கிவிட்டுப் போனார். இசைத்தட்டுகளில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் அந்தக் கலவரத்தின் மிச்சம். இடதுசாரி விமர்சகர்களுக்கும் மெட்டல் ஆகாது. அரசியல் இல்லாத, முரட்டு ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று அவர்கள் தள்ளிவைத்தார்கள். மத அடிப்படைவாதியும் முற்போக்காளரும் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் ஹெவி மெட்டல் ஒன்று.

இந்தச் சூழலில் வந்தவைதான் நான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இரண்டு புத்தகங்கள். டீனா வைன்ஸ்டீனின் ‘ஹெவி மெட்டல்: எ கல்ச்சுரல் சோஷியாலஜி’ 1991இல் வந்தது. ராபர்ட் வால்சரின் ‘ரன்னிங் வித் தி டெவில்’ 1993இல். முதலாமவர் அப்போது சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். இரண்டாமவர் இசையியலாளர், மேல்நாட்டுச் செவ்வியல் மரபில் ட்ரம்பெட் பயின்றவர். மெட்டலைக் கல்விப்புலத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யார் என்று கேட்டால் இன்றும் முதலில் வரும் இரண்டு பெயர்கள் இவைதான். சாம் டன் 2005இல் எடுத்த ‘மெட்டல்: எ ஹெட்பேங்கர்ஸ் ஜர்னி’ ஆவணப்படத்தில் இருவருமே வந்து பேசுகிறார்கள். ஒரே இசை, ஒரே எதிரிகள், இரண்டே வருட இடைவெளி. இருந்தும் ஒரே பொருளைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்களா என்று சில இடங்களில் சந்தேகம் வரும்.

வைன்ஸ்டீன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர். மேடையையும் அவர் பார்க்காமலில்லை. கலைஞர்களிடம் பேசியிருக்கிறார், மேடைக்குப் பின்னாலும் போயிருக்கிறார், ராக் விமர்சனமும் எழுதியிருக்கிறார். ஆனால் அவருக்கு ஆர்வம் கூட்டத்தின் மேல். மெட்டல் என்பதை மூன்று தரப்பார் சேர்ந்து நடத்தும் கொடுக்கல் வாங்கலாக அவர் பார்க்கிறார். வாசிப்பவர்கள், கேட்பவர்கள், நடுவில் நிற்கும் இசைத்தட்டு நிறுவனம், வானொலி, பத்திரிகை என்ற தரகர்கள். இந்த மூன்றில் வேறு எவரைக் கழித்தாலும் மெட்டல் எப்படியோ பிழைத்துக்கொள்ளும், கேட்பவரைக் கழித்தால் பிழைக்காது என்பது அவருடைய வாதத்தின் அடிநாதம். வானொலி மெட்டலைத் தொடவே மறுத்த வருடங்களிலும் அது ஊர் ஊராகக் கச்சேரி வழியாகத்தான் வளர்ந்தது என்பதைக் கொண்டு அதை நிறுவுகிறார்.

கூட்டத்தின் உடையைப் பற்றி அவர் எழுதியிருப்பது இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி. நீல ஜீன்ஸும் நீண்ட தலைமுடியும் அறுபதுகளின் ஹிப்பிகளிடமிருந்து வந்தவை. கறுப்புத் தோல் சட்டையும் உலோகக் குமிழ்களும் மோட்டார் சைக்கிள் கும்பல்களிடமிருந்து வந்தவை. அன்பும் சமாதானமும் பேசியவர்களின் சட்டையையும், அவர்களை அடிக்கக்கூடியவர்களின் சட்டையையும் ஒருவனே ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறான். ஹிப்பி இயக்கம் செத்துப்போனதை ஒப்புக்கொள்ளாத, அதே நேரத்தில் அதன் இனிப்பான நம்பிக்கையும் அற்றுப்போன, உழைக்கும் வர்க்கத்து வெள்ளைப் பையன் அவன். தன்னை எல்லாரும் ஒதுக்குகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அதில் அவனுக்குப் பெருமையும் உண்டு. குழுவின் பெயர் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டை அவன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவது அந்தப் பெருமையின் விளம்பரம். ‘வெள்ளை’ என்ற சொல்லை வைன்ஸ்டீன் இனவெறி என்று வாசிக்கவில்லை, அந்த அறுபதுகளின் இளைஞர் பண்பாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த அடையாளமாகவே வாசிக்கிறார். கொஞ்சம் தாராளமான வாசிப்புதான். ஆனால் ஏன் இந்தப் பையன்கள் இருபது வயது தாண்டியும் அதை விடுவதில்லை என்பதை அவர் அளவுக்குப் பரிவோடு விளக்கியவர்கள் அன்று இல்லை.

பாட்டு வரிகளை அவர் இரண்டு பெரிய கூடைகளில் போடுகிறார். ஒன்று மது, காமம், இசை என்று கொண்டாடும் டயோனிசஸ் பக்கம். மற்றது மரணம், பேய், போர், அநீதி என்று உலகம் குலைவதைச் சொல்லும் பக்கம். இரண்டாவதுதான் மெட்டலை மற்ற ராக்கிலிருந்து பிரிக்கிறது என்பார். பிளாக் சப்பாத் தன் முதல் தட்டை 1970 பிப்ரவரி 13 அன்று, ஒரு வெள்ளிக்கிழமை, வெளியிட்டபோது அந்தக் குலைவுதான் பிறந்தது.

சரி, அந்த இசை எப்படி ஒலிக்கிறது? இங்கேதான் வைன்ஸ்டீனின் கை தளர்கிறது. சத்தம் என்பது வலிமை, பாஸும் டிரம்ஸும் உடம்பில் இறங்க வேண்டும், கிதார் சோலோ கட்டாயம், பாடகரின் குரல் தெளிவைவிட உணர்ச்சியைக் காட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். எல்லாம் சரி. ஆனால் ஏன் இந்தச் சத்தம் வலிமையாகக் கேட்கிறது, சாலை போடும் இயந்திரத்தின் சத்தம் ஏன் அப்படிக் கேட்பதில்லை என்று கேட்டால் அவரிடம் பதிலில்லை. ‘சத்தம் வலிமை’ என்றதோடு நின்றுவிடுகிறார்.

வால்சர் அங்கேதான் தொடங்குகிறார். அவர் எலெக்ட்ரிக் கிதாரை எடுத்து மெட்டல் வாசிக்கக் கற்றுக்கொண்டார், குழுக்களில் வாசித்தார், கிதார் ஆசிரியர்களிடம் பேசினார், கச்சேரிக்கு வந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எழுதி வாங்கினார். அதனால் பவர் கார்டைப் பற்றி அவர் எழுதும்போது விரல் பழகிய ஆள் எழுதுவது தெரிகிறது.

பவர் கார்ட் என்பது ஒரு ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது. நம் காதுக்கு ‘ச-ப’. மேஜரா மைனரா என்று சொல்லும் காந்தாரம் அதில் கிடையாது. சாதாரண கிதாரில் வாசித்தால் அது வெற்றுக் கூடு. ஆம்ப்ளிஃபையரை அதன் தாங்கும் சக்திக்கு மேலே திருகி, ஒலி சிதையும்படி விட்டு வாசித்தால் வேறு கதை. கிதாரின் ஐந்தாவது கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் நொடிக்கு 110 அதிர்வு. அதன் பஞ்சமம் 165. சிதைந்த ஒலியில் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமும் தனி ஒலியாகக் கிளம்புகிறது: நொடிக்கு 55. வழக்கமான சுருதியில் கிதாரின் மிகத் தடித்த கம்பிகூட 82க்குக் கீழே இறங்காது. அதாவது, அந்த வாத்தியத்தில் இல்லாத ஒரு மந்திர ஸட்ஜம், யாரும் மீட்டாத ஒன்று, ஆம்புக்குள்ளிருந்து வந்து வயிற்றில் இடிக்கிறது. மெட்டல் கேட்டவர்கள் ‘கனம்’ என்று சொல்வது என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் படித்ததில்லை.

டிஸ்டார்ஷன் எனப்படும் இந்த ஒலிச் சிதைவைப் பற்றி வால்சர் இன்னும் ஒன்று சொல்கிறார். மீட்டிய கம்பியின் ஒலி இயல்பில் உடனே தேயத் தொடங்கும். டிஸ்டார்ஷன் அதைத் தேயவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. மனிதக் குரலும் உச்சத்தில் கத்தும்போது இப்படித்தான் கரகரத்துச் சிதையும். தன் கொள்ளளவை மீறிப் போகும் சக்தியின் அடையாளமாகவே காது அதை வாங்கிக்கொள்கிறது. வைன்ஸ்டீன் சொல்லாமல் விட்ட ‘ஏன்’ இதுதான். இந்த ஓர் இடத்துக்காகவே வால்சரின் இரண்டாம் அத்தியாயத்தைப் படிக்கலாம்.

மெட்டல் எந்தச் சுரவரிசைகளில் ஓடுகிறது என்பதையும் அவர் விட்டுவைக்கவில்லை. மெட்டல்காரர்களுக்குப் பிடித்த ஃப்ரிஜியன் அடுக்கு நம் தோடியின் ஸ்வரங்களைக் கொண்டது. ஏயோலியன் நடபைரவி, டோரியன் கரகரப்ரியா. ஸட்ஜத்துக்கு அரைப்படி மேலே ரிஷபம் நெருக்கிக்கொண்டு நிற்பதால் ஃப்ரிஜியனில் ஒரு மூச்சுமுட்டல் இருக்கிறது, ஸ்பீட் மெட்டல்காரர்கள் அதைத் தேடிப் போவது அதனால்தான் என்கிற மாதிரி அவர் விளக்கம் போகும். தோடியைக் கேட்டு வளர்ந்த காதுக்கு மூச்சுமுட்டல் அங்கே தோன்றாது, உருக்கம்தான் தோன்றும். ஒரு ஸ்வர அடுக்குக்குத் தன்னளவில் ஓர் உணர்ச்சி உண்டு என்று வால்சரும் சொல்லவில்லை. கேட்கும் சமூகம் பழகிய பழக்கம்தான் அதற்குப் பொருள் தருகிறது என்பதுதான் அவர் கட்சி. அந்த நிதானம் அவரிடம் எனக்குப் பிடித்தது.

பேரும் புகழும் பெற்றது அவருடைய மூன்றாம் அத்தியாயம். ‘எரப்ஷன்ஸ்’ என்று தலைப்பு. வேன் ஹாலன் குழுவின் முதல் தட்டில், 1978இல் வந்த ‘எரப்ஷன்’ என்ற கிதார் சோலோவிலிருந்து எடுத்தது. மொத்தம் 1 நிமிடம் 42 வினாடி. எட்வர்ட் வேன் ஹாலன் வலது கை விரல்களையும் கிதாரின் கழுத்துக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் தட்டித் தட்டி வாசிக்கும் அந்த முடிவுப் பகுதிக்குப் பிறகு, உலகமெங்கும் பையன்கள் கிதார் பிடிக்கும் விதமே மாறிப்போனது. வால்சர் அந்தச் சோலோவை ஸ்வரம் ஸ்வரமாக எழுதிப் பார்க்கிறார். நடுவில் க்ரூட்ஸரின் வயலின் பயிற்சிப் பாடம் ஒன்று எட்டிப்பார்ப்பதையும், கடைசிப் பகுதியின் ஓட்டம் பாக், விவால்டி காலத்து கார்டு வரிசைகளைப் போலக் கட்டப்பட்டிருப்பதையும் காட்டுகிறார். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் ‘ஹைவே ஸ்டார்’ பாட்டில் செய்தது, ஓஸி ஆஸ்பர்னோடு வாசித்து 1982இல் விமான விபத்தில் இறந்துபோன ராண்டி ரோட்ஸ் செய்தது, ஸ்வீடனிலிருந்து வந்த இங்வி மால்ம்ஸ்டீன் பகனினியைப் பிடித்துக்கொண்டு செய்தது என்று வரிசையாகப் போகிறது அத்தியாயம்.

இதில் ஒரு குறும்பான வாதம் இருக்கிறது. செவ்வியல் இசைக்காரர்கள் மெட்டலைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஆனால் பகனினியைச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டவன் என்று ஊர் பேசியது. லிஸ்ட் வாசித்தால் பெண்கள் கூச்சலிட்டார்கள். பாக் உட்கார்ந்த இடத்தில் கற்பனையாக வாசிக்கக்கூடியவர். இன்று கச்சேரி மண்டபத்தில் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்காரும் ஒழுக்கம் பிற்காலத்தில் ஏற்பட்டது. அந்தக் கலைஞர்களின் அசல் வாரிசு யார், அடக்கமாக நோட்டைப் பார்த்து வாசிப்பவரா, மேடையில் முழங்காலிட்டுச் சோலோ வாசிக்கும் முடிவளர்த்த பையனா என்று கேட்கிறார் வால்சர். மெட்டலை உயர்த்தத்தான் பாக்கைக் கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. உயர்ந்தது தாழ்ந்தது என்ற பிரிவே யாரோ போட்ட கோடு என்று காட்டத்தான் என்கிறார்.

நல்ல வாதம்தான். இருந்தாலும் அதன் விலையைப் புத்தகம் கொடுத்திருக்கிறது. பாக்கோடு உறவு சொல்லக்கூடிய மெட்டலுக்குத்தான் அந்தப் பக்கங்களில் இடம். பிளாக் சப்பாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மிங்ஹாமில் பதினேழு வயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடு இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய கம்பிகளைப் போட்டார், பின்னாளில் இழுவிசையைக் குறைக்கச் சுருதியையும் இறக்கினார். மெட்டலின் அடி ஒலி அந்தக் காயத்திலிருந்து வந்தது. அயோமியின் மேதைமை வேகத்தில் இல்லை. மூன்று நான்கு ஸ்வரங்களை எடுத்து, இடையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்து, அதையே அசையாமல் திருப்பித் திருப்பிப் போடும் ரிஃப்பில் இருக்கிறது. அதை எழுதிவைத்தால் நோட்டில் அரை வரிகூட வராது. சோலோவை அளக்கச் செய்த அளவுகோலால் ரிஃப்பை அளக்க முடியாமல்போவது வால்சரின் குறை. வேகத்தையும் சத்தத்தையும் பங்க்கிலிருந்தும் எடுத்துக்கொண்ட மோட்டார்ஹெட் போன்றவர்களும் இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

வைன்ஸ்டீனுக்கு அயோமி எளிதில் அகப்படுவார். தொழிற்சாலை, காயம், பர்மிங்ஹாம், வேலைக்குப் போகும் வீட்டுப் பையன், உலகம் குலைவதைப் பாடும் பாட்டு. அவருடைய சட்டகத்துக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் அந்த ரிஃப் ஏன் குளிரடிக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. இரண்டு புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டாலும் அயோமி இரண்டுக்கும் நடுவில் கைமாறி நழுவிவிடுகிறார்.

எல்லை போடுவதில் இருவரும் நேரெதிர். வைன்ஸ்டீன் வேலி போடுபவர். 1969 முதல் 1972 வரை முளை விட்டது, எழுபதுகளின் நடுவில் திரண்டது, 1983க்குப் பிறகு இரண்டாகப் பிளந்தது என்று மெட்டலுக்கு ஒரு ஜாதகமே எழுதுகிறார். பிளந்ததில் ஒரு கிளை தொலைக்காட்சிக்கேற்ற ‘லைட் மெட்டல்’. பான் ஜோவி, பாய்ஸன் வகையறா. மறு கிளை மெட்டாலிக்கா, ஸ்லேயர் போன்றோரின் ஸ்பீட், த்ராஷ் மெட்டல். தொலைக்காட்சியும் பெண் ரசிகைகளும் உள்ளே வந்துவிட்ட இசையை, வேறு எவரும் தொட முடியாத அளவுக்குக் கடுமையாக்கிப் பையன்கள் மீட்டெடுத்துக்கொண்டதாக இரண்டாவதை அவர் வாசிக்கிறார். அசல் நெறிக்குத் திரும்பும் சீர்திருத்தம் மாதிரி.

வால்சர் வேலியே போடுவதில்லை. எது மெட்டல் என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வதுதான் மெட்டல் என்கிறார். பான் ஜோவியை அவர் மரியாதையோடு உள்ளே விடுகிறார். ‘லிவின் ஆன் எ ப்ரேயர்’ 1986இல் எல்லா வீட்டிலும் ஒலித்த பாட்டு. வேலைநிறுத்தத்தில் சம்பளம் இழந்த துறைமுகத் தொழிலாளியும், உணவகத்தில் வேலை பார்த்து அவனைக் காப்பாற்றும் பெண்ணும் அதில் வருகிறார்கள். சரணத்தில் மைனரில் போய் முட்டிக்கொண்டே இருக்கும் அதே கார்டுகள் பல்லவியில் மேஜருக்குத் திறப்பதை வால்சர் எடுத்துக் காட்டுகிறார். அந்தப் பெண்ணுக்கும் ஆணுக்கும் கதை சொல்லாத விடுதலையைச் சங்கீதம் கொடுத்துவிடுகிறது. ஸ்டேடியத்தில் அந்த இடத்தில் எல்லாரும் கையைத் தூக்குவதற்கு அதுதான் காரணம்.

பெண்கள் விஷயத்தில் வால்சர்தான் மேல் என்பது என் தீர்மானம். ஆண்மையைப் பற்றிய அத்தியாயத்தில் அவர் நான்கைந்து வழிகளைப் பிரித்துக் காட்டுகிறார்: பெண்ணே இல்லாத உலகம் ஒன்றைக் கட்டுவது, பெண்ணை ஆபத்தாகச் சித்திரிப்பது, காதலில் கரைவது, ஆண்களே பெண்ணலங்காரம் போட்டுக்கொள்வது என்று. உதட்டுச்சாயமும் தூக்கிவாரிய முடியுமாக வந்த பாய்ஸன் குழுவினர் பெண்தன்மையைக் கேலி செய்கிறார்களா, திருடுகிறார்களா, அல்லது ஆண்மை என்பதே ஒரு வேஷம்தான் என்று போட்டுடைக்கிறார்களா? மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்கிறார். ரசிகைகள் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ரசிகர்கள் எடுத்துக்கொள்வது அல்ல என்பதையும் கவனிக்கிறார்.

வைன்ஸ்டீன் எழுதுவது வேறு கண்டிப்போடு. மெட்டல் கூட்டத்தில் ஒரு பெண் மதிக்கப்பட வேண்டுமென்றால் அவளும் ஜீன்ஸும் தோல் சட்டையும் போட்டுக்கொண்டு பையன்களில் ஒருத்தியாக நிற்க வேண்டும். அலங்கரித்துக்கொண்டு வந்தால் இசைக்காக வந்தவளாக யாரும் எண்ணமாட்டார்கள். இதைக் கூட்டத்தின் விதியாக அவர் சரியாகவே பதிவு செய்கிறார். ஆனால் அந்த விதியைத் தன் புத்தகத்தின் விதியாகவும் ஆக்கிக்கொண்டுவிடுகிறார். பான் ஜோவிக்காக வந்த பெண்களுக்கு அவர் பக்கங்களில் வெளிச்சம் குறைவு. இருபது வருடம் முன்வரிசையில் நின்று கேட்ட பெண்ணின் ரசிகப் பெருமை இதில் கொஞ்சம் வேலை செய்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்தக் காரணத்தாலேயே அவரை வாசிக்கச் சுவையாகவும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுநிலை வகிப்பதாக நடிக்கும் சமூகவியல் நூல்களில் இப்படியொரு பிடிவாதம் கிடைக்காது.

குற்றம் சாட்டியவர்களுக்குப் பதில் சொல்லும்போதும் அவரவர் குணம் தெரிகிறது. வைன்ஸ்டீன் எதிராளிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அவர்கள் வரிகளைத் தனியாகப் பிய்த்தெடுத்துப் படிப்பதைக் காட்டுகிறார். ஓஸியின் ‘சூசைட் சொல்யூஷன்’ குடியால் அழிவதைப் பற்றிய பாட்டு என்பதைக்கூடப் பார்க்காமல் தலைப்பை வைத்து வழக்காடியவர்கள் இருந்தார்கள். இளைஞர்கள் பாட்டை வக்கீல்போல வாசிப்பதில்லை, சூழலோடும் கூட்டத்தோடும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் பதில். வால்சரோ கடைசி அத்தியாயத்தில், எண்பதுகளின் அமெரிக்காவில் ஆலைகள் மூடியதையும் வேலை போனதையும் சொல்லி, திகிலும் பைத்தியமும் பாட்டுக்குள் வந்தது உலகத்திலிருந்துதான் என்கிறார். பயத்தைக் கொடுக்கும் இசை, கேட்பவனைப் பயத்திலிருந்து தப்பவைக்கவும் செய்கிறது என்று வாதாடுகிறார். இருவரில் வைன்ஸ்டீனின் பதில் நீதிமன்றத்தில் நிற்கும். வால்சரின் பதில், ராத்திரி ஹெட்ஃபோனோடு படுத்திருக்கும் பையனுக்கு நியாயம் செய்யும்.

காலம் இரண்டையும் சமமாக நடத்தவில்லை. வைன்ஸ்டீன் தன் புத்தகத்தைத் திருத்தி, தொண்ணூறுகளைச் சேர்த்து, 2000இல் ‘ஹெவி மெட்டல்: தி மியூசிக் அண்ட் இட்ஸ் கல்ச்சர்’ என்று புதுப்பெயரில் கொண்டுவந்தார். முதல் பதிப்பில் அவர் வரைந்த அந்த உழைக்கும் வெள்ளைப் பையனின் சித்திரம்தான் முதலில் வெளிறியது. பிரேசிலின் பெலோ ஒரிசோந்தே நகரத்திலிருந்து செபுல்துரா குழு கிளம்பி உலகமெங்கும் வாசித்தது. இந்தோனேஷியாவில் மெட்டல் பெருங்கூட்டம் சேர்த்தது. ஆனால் அவருடைய மூல வாதம் இதனால் அடிவாங்கவில்லை, பலப்பட்டது. ஒதுக்கப்பட்டதில் பெருமை கொள்ளும் கூட்டம் எந்த நிறத்திலும் அமையும் என்று ஆனது. 2011இல் வாலக், பெர்கர், கிரீன் மூவரும் தொகுத்த ‘மெட்டல் ரூல்ஸ் தி குளோப்’ அந்த வழியில் வந்ததுதான். கீத் கான்-ஹாரிஸ் 2007இல் டெத் மெட்டல், பிளாக் மெட்டல் கூட்டங்களை ஆராய்ந்ததும் கூட்டத்தைப் பார்க்கும் மரபில்தான்.

வால்சரின் புத்தகத்தில் வெளிறியது இசைப் பட்டியல். அவர் கேட்டது எண்பதுகளின் வெற்றி பெற்ற மெட்டலை. அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே ஃப்ளோரிடாவில் டெத் மெட்டல் கொதித்துக்கொண்டிருந்தது, அது அவர் பக்கங்களில் ஏறக்குறைய இல்லை. அவர் பிறகு ஜாஸ் பக்கம் போய்விட்டார். 1999இல் வந்த ஜாஸ் வரலாற்று வாசகநூல் ஒன்றுக்கும் அவர்தான் தொகுப்பாசிரியர். ஆனால் ‘ரன்னிங் வித் தி டெவில்’ 2014இல் மறுபடி அச்சேறியது. பவர் கார்டைப் பற்றிய பக்கங்களுக்கு வயதாவதில்லை.

இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், மெட்டல் கேட்காதவர் வால்சரை எடுக்க வேண்டும். காது திறக்கும். ஏற்கெனவே கேட்பவர் வைன்ஸ்டீனை எடுக்க வேண்டும், அவர் புத்தகத்தின் பின்னால் தந்திருக்கும் நூறு இசைத்தட்டுப் பட்டியலோடு சண்டை போடுவதற்காகவாவது.

வால்சரின் பாதையில் வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. கூட்டத்தோடு பேசிக் குறிப்பெடுப்பதைவிட ஒரு தட்டைக் கேட்டு ஸ்வரம் எழுதுவது அதிக வேலை, கிதாரும் தெரிந்திருக்க வேண்டும். க்ளென் பில்ஸ்பரி 2006இல் மெட்டாலிக்காவுக்கு அதைச் செய்தார். அயோமியின் முறை 2010இல் வந்தது. ஆண்ட்ரூ கோப் பிளாக் சப்பாத்தையும் லெட் செப்பலினையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ப்ளூஸை வளர்த்துக்கொண்டுபோன செப்பலினிலிருந்து மெட்டல் வரவில்லை, அதிலிருந்து விலகிய சப்பாத்திலிருந்துதான் வந்தது என்று அதில் ரிஃப் ரிஃப்பாகப் பிரித்துக் காட்டுகிறார்.